"எங்கே" என்று அடித்தால் "ஙே" என்று வருகிறது! லேப்டாப் கீபோர்டில் சில கீ மட்டும் வேலை செய்யவில்லை

மழைக்கிளி | திங்கள் இரவு 11.40

இதை போனில் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வாங்கி நாலு வருடம் முடிந்துவிட்டது, இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. இரண்டு வாரமாக கீபோர்டில் சில கீ மட்டும் வேலை செய்யவில்லை. நான் தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அடிப்பவள். முதலில் க விழவில்லை, அப்புறம் பார்த்தால் எ இல்லை, ய இல்லை. "எங்கே" என்று அடித்தேன், திரையில் "ஙே" என்று வந்து நிற்கிறது, நானும் அப்படியேதான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "மகிழ்ச்சி" என்று அடித்தால் "மிழ்ச்சி". சரி அழிக்கலாம் என்றால் பேக்ஸ்பேஸும் செத்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் கர்சரை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் டெலீட் போட வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பக்கம் கொடுக்க வேண்டும். க இல்லாமல் தமிழில் நாற்பது பக்கமா? இப்போதைக்கு ஒரு க-வை காப்பி செய்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே எதுவும் கொட்டவில்லை, கீழேயும் போடவில்லை. வைரஸ் ஸ்கேன் செய்தாயிற்று, ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?

சட்டுப்புட்டு | திங்கள் இரவு 11.52

ஏதாவது அப்டேட் வந்து டிரைவரை, அதாவது கீபோர்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை, கெடுத்திருக்கும். ஃபார்மட் அடித்து விண்டோஸை புதிதாகப் போட்டுவிடுங்கள், எனக்கு வைஃபை வராதபோது அப்படித்தான் சரியாயிற்று. ஒரு மணி நேர வேலை.

திருகாணி | செவ்வாய் காலை 6.15

ஃபார்மட் வேண்டாம் அம்மா, நாற்பது பக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடப் போகிறீர்கள். டிரைவர் கெட்டால் கீபோர்டு மொத்தமாகப் படுக்கும், இல்லையென்றால் எழுத்து மாறி மாறி வரும். க மட்டும் வராமல் த மட்டும் வருவது என்று டிரைவர் ஆள் பார்த்துக் கெடுவதில்லை.

முதலில் எனக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். தமிழ் எழுத்தாகச் சொல்லாமல், கீயின் மேல் அச்சடித்திருக்கிற ஆங்கில எழுத்தாகச் சொல்லுங்கள். வேலை செய்யாத கீ ஒன்று விடாமல் வேண்டும், எஃப் வரிசை, அம்புக்குறி எல்லாம் சேர்த்து. அடித்துப் பார்த்து எழுத சிரமமாக இருந்தால் விண்டோஸில் ஸ்டார்ட்டைத் திறந்து ஓஎஸ்கே என்று தேடுங்கள், திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். நிஜக் கீயை அழுத்தினால் திரையில் அதே கீ மின்னும். மின்னாததை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பிழைப்பு ஓடவும் அதே திரைக் கீபோர்டு உதவும். யாரிடமாவது யூஎஸ்பி கீபோர்டு இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, இன்றே அதை மாட்டி வேலையைப் பாருங்கள், நோய் என்ன என்பதை மெதுவாகக் கண்டுபிடிக்கலாம்.

மழைக்கிளி | செவ்வாய் காலை 8.05

நன்றி அண்ணா. உட்கார்ந்து எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். மின்னாதவை: ஜி, எச், ஒற்றை மேற்கோள் குறி இருக்கிற கீ, பேக்ஸ்பேஸ், எஸ்கேப். முதல் மூன்றும்தான் தமிழ்99-இல் எ, க, ய. அவ்வளவுதான், மற்ற எல்லாம் மின்னுகின்றன. எஸ்கேப் போனது எனக்கு இப்போதுதான் தெரியும், அதை யார் தினமும் தொடுகிறார்கள்.

யூஎஸ்பி கீபோர்டு பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கி மாட்டினேன். அதில் எல்லாமே வேலை செய்கிறது. க வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முனையம் | செவ்வாய் காலை 8.30

யூஎஸ்பி கீபோர்டில் எல்லாம் விழுகிறது என்றால் விண்டோஸ், தமிழ்99 மென்பொருள், மொழி அமைப்பு எல்லாம் நிரபராதி என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால் உள்ளே இருக்கும் கீபோர்டு வேறு வழியாகப் பேசும். நிறைய லேப்டாப்பில் அது இன்னும் பழைய பிஎஸ்2 முறையில்தான் மதர்போர்டோடு பேசுகிறது, அதற்குத் தனி டிரைவர். அதனால் இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: விண்டோஸே இல்லாத இடத்தில் அந்த ஐந்து கீயும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் வைக்கும் கட்டம் இருந்தால் அதில் ஜி, எச் அடித்துப் பார்க்கலாம் (சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள், மறந்து போய் பாஸ்வேர்ட் வைத்துவிட்டால் அது தனிக் கதை). அல்லது ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, நிறுவாமல் அப்படியே அதிலிருந்து இயக்கி, டெர்மினலில் அடித்துப் பாருங்கள்.

மழைக்கிளி | செவ்வாய் காலை 8.44

பயாஸுக்குள் போக என் லேப்டாப்பில் எஸ்கேப் அழுத்தச் சொல்கிறது. அதுதானே செத்துப் போன ஐந்தில் ஒன்று!

முனையம் | செவ்வாய் காலை 8.50

ஹாஹா, மன்னிக்கவும், சிரித்துவிட்டேன். யூஎஸ்பி கீபோர்டின் எஸ்கேப்பை அழுத்துங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். நீல நிறத் திரை வரும், அதில் டிரபுள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். எஸ்கேப்பே இல்லாமல் உள்ளே போய்விடலாம்.

கருப்புத்திரை | செவ்வாய் காலை 10.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கீபோர்டு பிரச்சினைதான். நானும் தமிழ்99. ப அடித்தால் 1, ம அடித்தால் 2, த அடித்தால் 3 வருகிறது. ர அடித்தால் 0. இன்னும் சில எழுத்தும் இப்படித்தான், மீதி சரியாக வருகிறது. கீபோர்டு மாற்ற வேண்டுமா?

திருகாணி | செவ்வாய் காலை 10.31

ஒன்றும் மாற்ற வேண்டாம் தம்பி. சில சின்ன லேப்டாப்பில் வலது பக்கம் எண்களுக்குத் தனி இடம் கிடையாது, அதனால் ஜே, கே, எல், எம் கீகளிலேயே (உங்கள் ப, ம, த, ர) 1, 2, 3, 0 ஒளிந்திருக்கும், அவற்றுக்கு மேலே யு, ஐ, ஓ மூன்றிலும் 4, 5, 6. நம்லாக் விழுந்துவிட்டால் எழுத்துக்குப் பதில் எண் வரும். எஃப்என் கீயோடு நம்லாக்கை அழுத்தினால் போய்விடும். வெளிக் கீபோர்டு மாட்டி அதில் நம்லாக் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வலது பக்க ஷிஃப்டை எட்டு நொடி பிடித்தால் விண்டோஸ் ஃபில்டர் கீஸ் என்று ஒன்றைப் போடட்டுமா என்று கேட்கும். யோசனை செய்துகொண்டே ஷிஃப்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த பெட்டியைப் படிக்காமல் யெஸ் கொடுத்திருப்பார்கள். அப்புறம் லேசாகத் தட்டினால் எழுத்து விழாது, ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீபோர்டு போய்விட்டது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பத்துப் பேராவது அப்படி என்னிடம் வந்திருப்பார்கள். ஆக்சஸபிலிட்டி பகுதியில் அதை அணைத்துக் கையில் கொடுத்தால், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கருப்புத்திரை | செவ்வாய் காலை 10.36

நம்லாக்கேதான். வெட்கமாக இருக்கிறது. நன்றி.

மழைக்கிளி | செவ்வாய் மதியம் 1.15

பயாஸில் பார்த்தேன். அங்கேயும் ஜி, எச், பேக்ஸ்பேஸ் மூன்றும் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரி லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பார்த்தேன் (இது எங்கோ வீடியோவில் பார்த்தது, நீங்கள் சொல்லவில்லை, மன்னிக்கவும்). டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட்டும் செய்தேன். மாற்றம் இல்லை.

ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. காலையில் முதலில் போடும்போது ஐந்தும் வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனதும் ஒவ்வொன்றாகப் போகிறது. நேற்று கோபத்தில் இடது மூலையைப் பிடித்துத் தூக்கினேன், அந்த நொடி க விழுந்தது!

திருகாணி | செவ்வாய் மதியம் 2.40

இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். சரி, இனி விண்டோஸை மறந்துவிடுங்கள். சட்டுப்புட்டு தம்பி, பயாஸிலும் விழாத கீயை ஃபார்மட்டால் விழ வைக்க முடியாது.

உங்கள் ஐந்து கீயில் ஜி, எச் மட்டும்தான் பக்கத்துப் பக்கத்தில், மற்றவை கீபோர்டில் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன, ஆனாலும் ஐந்தும் ஒன்றாகச் செத்து ஒன்றாக எழுந்திருக்கின்றன. காரணம் இதுதான். ஒவ்வொரு கீக்கும் தனித் தனி ஒயர் போட்டால் எண்பதுக்கு மேல் ஒயர் வேண்டும். அதனால் சதுரங்கப் பலகை மாதிரி குறுக்கே சில கோடு, நெடுக்கே சில கோடு போட்டுவிடுவார்கள். எட்டும் பதினாறும் என்றால் மொத்தம் 24 கோடு, ஆனால் வெட்டும் இடம் 128. ஒரு கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். மதர்போர்டில் இருக்கும் ஒரு சில்லு ஒவ்வொரு கோட்டுக்கும் மாறி மாறி சிக்னல் கொடுத்து, எதிர்க் கோட்டில் எங்கே திரும்பி வருகிறது என்று நொடிக்குப் பல தடவை பார்த்துக்கொண்டே இருக்கும், அதிலிருந்து இது எச், இது ஜி என்று கண்டுகொள்ளும்.

ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோட்டில் தொங்குகிற அத்தனை கீயும் போய்விடும். கோடு கீபோர்டுக்குள் வளைந்து நெளிந்து போவதால் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜி, எச், மேற்கோள், பேக்ஸ்பேஸ், எஸ்கேப் ஒரே கோட்டில் இருப்பதை நானே வேறு லேப்டாப்களில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கீ மட்டும் போயிருந்தால் அந்தக் கீக்கு அடியில் தூசியோ ரப்பர் குமிழ் கிழிந்ததோ என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கோடு. அந்தக் கோடு மூன்று இடத்தில் அறுபடலாம்: கீபோர்டுக்கு உள்ளே இருக்கும் தாளில், மதர்போர்டுக்குப் போகும் ரிப்பன் மாதிரித் தட்டையான கேபிளில், அல்லது ரிப்பன் செருகியிருக்கும் சாக்கெட்டில். மூலையைத் தூக்கினால் உயிர் வருகிறது என்பதால் முழுதாக அறுபடவில்லை, எங்கோ தொட்டும் தொடாமலும் இருக்கிறது. சூடு ஏறினால் போகிறது என்பதும் அதோடு பொருந்துகிறது.

இப்போது சம்பந்தமில்லாத மாதிரி இரண்டு கேள்வி. லேப்டாப்பை மூடி மேஜை மேல் வைத்தால் நாலு காலும் தரையில் பதிகிறதா, ஆடுகிறதா? டச்பேடை அழுத்தினால் முன்பு மாதிரி டிக் என்று இறங்குகிறதா?

நத்தை | செவ்வாய் மாலை 4.02

அண்ணா அவசரம். இப்போதுதான் கீபோர்டு மேல் குளிர்பானம் கொட்டிவிட்டேன், அரை டம்ளர் இருக்கும். துடைத்துவிட்டேன், லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹேர் டிரையர் போடலாமா? அரிசியில் வைக்கலாமா?

முனையம் | செவ்வாய் மாலை 4.04

ஓடிக்கொண்டிருக்கிறதா?! இதைப் படித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திரையை விரித்து, கூடாரம் மாதிரி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மற்றதை திருகாணி அண்ணா சொல்வார்.

திருகாணி | செவ்வாய் மாலை 4.30

முனையம் சொன்னதுதான் முதல் வேலை. அரிசி எல்லாம் வேண்டாம், இறுக்கி மூடிய லேப்டாப்புக்குள் இருப்பதை வெளியே கிடக்கிற அரிசி எப்படி உறிஞ்சும், தவிடும் மாவும்தான் துளையில் போய் உட்காரும். ஹேர் டிரையரின் சூட்டில் கீ வளைந்துவிடும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

வெறும் தண்ணீர் என்றால் காய்ந்த பிறகு பிழைத்த லேப்டாப் உண்டு. உங்களுடையது சர்க்கரைத் தண்ணீர், காய்ந்தாலும் சர்க்கரையும் அமிலமும் உள்ளேயே இருக்கும். கீபோர்டின் அடியில் மூன்று பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி மையில் கோடு, நடுத் தாளில் கீ இருக்கும் இடத்தில் மட்டும் துளை. இந்தத் தாள்களுக்கு நடுவில் ஈரம் புகுந்துவிட்டால் தானாக வெளியே வராது, வெள்ளிக் கோட்டை அரித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு நன்றாக ஓடும், பத்து நாள் கழித்து ஒரு கீ அழுத்தினால் மூன்று எழுத்து விழும். அதனால் போட்டுப் பார்க்காமல் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மதர்போர்டில் பட்டிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவுவார்கள், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருப்பதுதான் இதற்கு ஆகும். கீபோர்டை நீங்கள் இழந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், மதர்போர்டைக் காப்பாற்றுவதுதான் இப்போது முக்கியம். ஓடுகிறதே என்று இன்றிரவு ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றும், தயவுசெய்து போடாதீர்கள்.

மழைக்கிளி | செவ்வாய் மாலை 6.10

கேள்விக்குப் பதில்: ஆடுகிறது. நடுவில் ஏதோ புடைத்த மாதிரி, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்குகிறது. மேஜைதான் சரியில்லை என்று இத்தனை நாளும் ஒரு மூலைக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தேன். டச்பேட் ஒரு மாதமாகவே கிளிக் ஆகவில்லை, கல் மாதிரி இருக்கிறது, தட்டினால் வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டேன். இதற்கும் க-வுக்கும் என்ன சம்பந்தம்?

திருகாணி | செவ்வாய் மாலை 6.14

சார்ஜரை இப்போதே எடுங்கள். லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

டச்பேடுக்கும் கீபோர்டுக்கும் நேர் கீழே பேட்டரிதான் படுத்திருக்கும். பழசானால், சூடு பட்டால், வருடக்கணக்கில் நூறு சதவீத சார்ஜிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகும். மெத்தென்ற உறைதானே, தலையணை மாதிரி உப்பும். மேலே டச்பேடைத் தள்ளும், கீழே மூடியைத் தள்ளும், இடையில் ரிப்பன் கேபிள் மாட்டினால் அதையும் நசுக்கும். சூடு ஏறினால் இன்னும் கொஞ்சம் உப்பும். நீங்கள் மூலையைத் தூக்கும்போது உடம்பு கொஞ்சம் வளைந்து ரிப்பனுக்கு மூச்சு கிடைக்கிறது. காலையில் க வந்து மதியம் போவதற்கும் கணக்கு சரியாகிறது.

நான் நேரில் பார்க்காமல் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாக இருந்தால் உங்களுக்கு ஒரு நாள்தான் நஷ்டம், சரியாக இருந்து நீங்கள் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். நாற்பது பக்கத்தை இன்றே வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள், பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜே அதற்குப் போதும்.

சட்டுப்புட்டு | செவ்வாய் மாலை 6.40

ஊசியால் ஒரு சின்னத் துளை போட்டால் காற்று இறங்கிவிடுமே? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

திருகாணி | செவ்வாய் மாலை 6.41

தம்பி, சத்தியமாக வேண்டாம். துளை போட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு அங்கேயே பற்றிக்கொள்ளும், புகையும் விஷம். யாரும் குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, மடக்கக்கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

மழைக்கிளி | புதன் மதியம் 12.30

காப்பி எடுத்துவிட்டு அணைத்துவிட்டேன். எனக்குத் தனியாகத் திறக்க பயமாக இருந்ததால் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார். பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு நீளமாம், ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வைத்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

மூடியைத் திறந்ததும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பேட்டரியில் மூன்று அறை, நடு அறை குழந்தைத் தலையணை மாதிரி உப்பி நிற்கிறது. கீபோர்டின் ரிப்பன் அதன் ஓரமாக மடிந்துதான் போகிறது, மடிப்பில் தெளிவாக ஒரு நசுங்கல். நீங்கள் பார்க்காமலே சொன்னீர்களே அண்ணா!

பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். புதுசு வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் போட்டார், ஐந்து கீயும் விழுந்தன! ஆனால் லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, அது வேறு புதுப் பிரச்சினையா?

முனையம் | புதன் மதியம் 12.52

பழைய பிரச்சினையும் இல்லை, புதுசும் இல்லை. திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்பட்டால் பேட்டரிதான் கை கொடுக்கும். அது இல்லை என்று தெரிந்ததும் சில லேப்டாப்கள் பிராசசரின் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். புது பேட்டரி வந்ததும் சரியாகிவிடும். அதுவரை சார்ஜர் ஒயர் காலில் தட்டினால் அந்த நொடியே அணைந்துவிடும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்துக்கொள்ளுங்கள்.

திருகாணி | புதன் மாலை 5.20

நசுங்கிய ரிப்பனை அப்படியே விட வேண்டாம், பேட்டரி மாட்டும்போது அவரிடம் ஒரு தடவை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றது. ரிப்பன் சாக்கெட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். சிலதில் கதவு மாதிரி மேலே தூக்க வேண்டும், சிலதில் இரண்டு பக்கமும் வெளியே இழுக்க வேண்டும். எது என்று உற்றுப் பார்க்காமல் இழுத்தால் உடையும், உடைந்தால் மதர்போர்டில் சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். நகத்தால் தள்ளினால் போதும், இரும்பு வேண்டாம். ரிப்பன் முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் நேராக, கடைசி வரை செருகிவிட்டுப் பூட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணலாகப் போனாலும் வேறு ஐந்து கீ போய்விடும், அப்போது என்னைத் திட்டக்கூடாது.

கீபோர்டையே மாற்ற வேண்டி வந்தால் லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கீபோர்டின் முதுகில் ஒரு ஸ்டிக்கரில் பாகத்தின் எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலிலேயே விளக்கு எரிகிறது, எரியாதது, என்டர் கீ பெரியது, சிறியது என்று பல வகை உண்டு. சிலதில் மேல் மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பார்கள், அங்கே கீபோர்டு மட்டும் மாற்றுவது பெரிய வேலை, மூடியோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

கருப்புத்திரை | புதன் மாலை 6.03

மறுபடி நான்தான். இந்தத் தடவை நம்லாக் இல்லை, பார்த்துவிட்டேன். என் அக்காவின் லேப்டாப்பில் ஆங்கில ஈ கீயை ஒரு தடவை தட்டினால் இரண்டு விழுகிறது. மற்றது சரி. இதுவும் கோடா?

முனையம் | புதன் மாலை 6.25

ஒரே ஒரு கீ என்றால் கோடு இல்லை, அந்தக் கீயின் அடியில்தான் பாருங்கள். தூசி, துணுக்கு, அல்லது தொடும் இடம் தேய்ந்திருக்கும். லேப்டாப்பை சாய்த்துப் பிடித்து, காற்றை அழுத்தி அடைத்த டப்பாவால் ஊதிப் பாருங்கள். கீயைப் பிடுங்கத் தோன்றும், அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது, அதன் காது உடைந்தால் கீ நிற்காது. தூசி என்ன செய்யும் என்று சாதாரணமாக நினைக்காதீர்கள், 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் ஆப்பிள் கொண்டுவந்த பட்டாம்பூச்சி வகைக் கீ இதே மாதிரி இரண்டு தடவை விழுவதற்கும் விழாமலே போவதற்கும் பேர் போனது. 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அவர்களே அறிவித்தார்கள், 2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழையபடி கத்தரிக்கோல் வகைக்கே திரும்பிவிட்டார்கள்.

ஊதியும் போகவில்லை என்றால் நேற்று பேச்சில் வந்த ஃபில்டர் கீஸ் இங்கே உதவும். திருகாணி அண்ணா அதைத் திட்டினார், ஆனால் அடுத்தடுத்து விழும் ஒரே எழுத்தைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் ஒரு வசதியும் அதற்குள்தான் இருக்கிறது.

திருகாணி | புதன் மாலை 6.31

திட்டவில்லை, தெரியாமல் போட்டவர்களைத்தான் சொன்னேன்.

நத்தை | வியாழன் காலை 9.45

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரவு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஓடியது. காலையில் போட்டால் யாரும் தொடாமலே இடது ஷிஃப்ட் அழுத்தியபடியே இருக்கிறது, பாஸ்வேர்ட் கூட போட முடியவில்லை.

திருகாணி | வியாழன் காலை 10.10

சொல்லிவிட்டேன், இருந்தாலும் நானும் சின்ன வயதில் அதைத்தான் செய்திருப்பேன். உள்ளே ஷிஃப்ட் கோடு ஈரத்தால் ஒட்டிக்கொண்டது. டிவைஸ் மேனேஜரில் உள்கீபோர்டை அணைக்கலாம் என்று தேடுவீர்கள், பிஎஸ்2 கீபோர்டுக்கு அங்கே அந்த வாய்ப்பே பெரும்பாலும் இருக்காது. ரிப்பனைக் கழற்றினால்தான் அது வாயை மூடும். பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிற வகையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படி இருந்தால் ரிப்பனைக் கழற்றியதும் லேப்டாப்பைப் போடவே முடியாது. இன்றைக்காவது கொண்டுபோங்கள், இந்தத் தடவை நிஜமாகவே.

மழைக்கிளி | சனி மாலை 7.20

வெள்ளிக்கிழமை நாற்பது பக்கத்தையும் யூஎஸ்பி கீபோர்டிலேயே முடித்துக் கொடுத்துவிட்டேன். இன்று புது பேட்டரி வந்தது. ரிப்பனைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முதல் தடவை கீபோர்டு விளக்கு எரியவில்லை, அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு குட்டி ரிப்பன் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மறுபடி திறந்து அதையும் பூட்டினோம். டச்பேட் டிக் என்று இறங்குகிறது, மேஜைக்கு அடியில் வைத்த அட்டையை எடுத்துவிட்டேன். சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி பயாஸில் ஒரு அமைப்பு இருந்தது, அதையும் போட்டாயிற்று.

இதை லேப்டாப் கீபோர்டிலேயே அடிக்கிறேன். எங்கே எங்கே எங்கே. மகிழ்ச்சி. கயிறு. எ மட்டும் கொஞ்சம் அழுத்தமாகத் தட்ட வேண்டியிருக்கிறது, அந்தக் கீயின் நடுவில் லேசாக மேடாக இருக்கிறது, பேட்டரி அழுத்தியதால் அடித்தகடு வளைந்திருக்கும் என்றார். இதற்காகக் கீபோர்டை மாற்ற வேண்டுமா அண்ணா?

திருகாணி | சனி இரவு 8.02

விழுகிறவரை மாற்ற வேண்டாம். விழாத அன்று பாகத்தின் எண்ணோடு வாருங்கள்.

நத்தை | சனி இரவு 8.30

என் கீபோர்டு போய்விட்டது, மதர்போர்டு பிழைத்துவிட்டது. புதுக் கீபோர்டு செவ்வாய்க்கிழமை வருகிறது. அதுவரை திரைக் கீபோர்டில் மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறேன், இந்த இரண்டு வரிக்கே கை வலிக்கிறது.